அண்ணன் மொள்ளாமல் விட்ட கிணறு

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு வணக்கம். தங்கை நான், தெரிந்ததை எழுதி வாசிக்கிறேன்.

அண்ணன் மீஞ்சூரில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே தவறிவிட்டார்கள். அண்ணன்தான் கூலி வேலைக்குப் போய் என்னை வளர்த்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ரயிலடியில் சோடா கடை போட நினைத்தார். கடல் பக்கத்து ஊர். பாதிக் கிணறு உப்பு. மழைக்குப் பிறகு எல்லாக் கிணறும் இனிக்கும், அதை நம்பக் கூடாது என்பார். சித்திரை வரை காத்திருந்தார். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு குடம் மொண்டு வருவார். நான் அதில் பருப்பு வேகவைக்க வேண்டும்; உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில்தான் பருப்பு மலர்ந்தது. தெருவில் கேட்டார். மொண்டுக்கோ என்றார்கள்.

கடை நன்றாக ஓடியது. கிணற்று ராட்டினம் நாளெல்லாம் சத்தம் போட்டது.

ஒரு கோடையில் எதிர்வீட்டுப் பெரியம்மா சொம்போடு வந்தார். "இன்னாடா, கிணறு கரிக்குது. உன் சோடாவ ஊத்தித்தான் பருப்பு வேகவைக்கணுமா?"

மழை இல்லை, அதனால்தான் என்றேன் நான்.

அண்ணன் குடித்துப் பார்த்தார். "போன வருசமும்தான் மழை இல்ல. அப்ப கரிக்கலியே. நான் தண்ணிய இஸ்துக்கினே இருந்தேன், கடல் உப்பு உள்ள வந்துடுச்சு. ஒரு கொடம் மொண்டு பாத்தேன். நாளெல்லாம் மொண்டா இன்னா ஆவும்னு பாக்கல."

மறுநாள் கடை திறக்கவில்லை. மெஷினை விற்று எனக்குக் கலியாணம் செய்துவைத்தார். குடியிருந்த வீட்டையும் எங்களுக்கே விட்டுவிட்டு ஊத்துக்கோட்டை ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போனார். மில்லுக்குப் பின்னால் ஒரு அறை. தானே பொங்கித் தின்றார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் சிரிப்பார்.

பொங்கலுக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். சித்திரையில் வருவார். வீட்டுக்குள் வருமுன் கிணற்றடிக்குப் போய் ஒரு வாய் குடிப்பார்.

"இன்னாண்ணா?"

"கரிப்பு இருக்குது இன்னும்."

ஒரு வருடம், "தேவலாம்" என்றார்.

"அப்ப வந்துடுண்ணா. திரும்ப கடை போடலாம்."

"நான் மொள்ளாததாலதான் நல்லா இருக்குது."

சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

போன சித்திரையில் அவர் வரவில்லை. காய்ச்சல் என்று மில்லிலிருந்து ஆள் வந்தது. நாங்கள் போனபோது பேச்சு இல்லை. விடிவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

அண்ணனுக்குக் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்ட மில் ஆட்களுக்கும், ஊருக்குக் கொண்டுவர லாரி கொடுத்த முதலாளிக்கும் நன்றி. அவரைக் குளிப்பாட்ட, தெருவில் வீட்டுக்கு ஒரு குடம் அந்தக் கிணற்றிலிருந்து வந்தது. முதல் குடம் பெரியம்மாவுடையது. எல்லோருக்கும் நன்றி.

அந்தக் குடத்தில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். கரிக்கவில்லை.

அண்ணன் காதண்டை குனிந்து சொன்னேன்.