மனனாங்கலின் கீழ்ப்பாதி

பிலிப்பைன்ஸில் மூன்று மாதம் கலைஞர் முகாமில் இருந்துவிட்டு வந்தபோது, அந்த நாட்டுப் பேய்களையும் கூடவே கூட்டிவந்தேன். மரத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும் காப்ரே, கறுப்புத் துணியில் ஒரு சிவப்புப் புள்ளியானான். வழிப்போக்கர்களைச் சுற்றவிடும் குதிரைத்தலை திக்பாலாங், இரண்டு சாய்ந்த கோடுகள். குறைவாக வரைந்தால் நிறையப் பேச வேண்டியிருக்கும், அதுதான் இந்தத் தொழிலின் ரகசியம். அந்தப் புள்ளிக்கு மட்டும் இரண்டு பக்கம் விளக்கம் எழுதியிருந்தேன்.

என் செல்லம் மனனாங்கல் என்கிற பெண் பேய்தான். இருட்டியதும் அவள் இடுப்போடு கழன்று, மேல்பாதி மட்டும் பறந்துபோகும். கீழ்ப்பாதி நின்ற இடத்திலேயே காத்திருக்கும். அதன்மேல் யாராவது உப்பைப் போட்டுவிட்டால், திரும்பி வருகிறவளால் ஒட்டிக்கொள்ள முடியாது. வெள்ளைத் துணியில் குறுக்கே ஒரு பச்சைக் கோடு, அதற்கு மேல் சின்ன வளைவு, அவ்வளவுதான் வரைந்தேன். ஏன் பச்சை என்று கேட்டால் சொல்வதற்கும் ஒரு பத்தி வைத்திருந்தேன். கால்கள் இருக்க வேண்டிய இடத்தில், தரையில் ஒரு குவியல் கல்லுப்பு. ‘இல்லாமையின் இருப்பு’ என்று பெயர் வைத்தேன். வைக்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கண்காட்சி சித்திரபுரத்தில், துரை பங்களாவை மாற்றிக் கட்டிய ஒரு ரிசார்ட்டில். அதே மலையில் முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் என் அம்மா. என் படம் ஒன்றைக்கூட அவள் நின்று பார்த்ததில்லை. “கோடு போட்டியா, சரி, சாப்பிட்டியா” என்பதோடு முடிந்துவிடும். இந்த ஒரு படத்தையாவது பார்த்து அவள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஏங்கினேன். மற்றவர்களின் பாராட்டெல்லாம் அதற்கு முன்னால் தூசு.

ஆடி மழையில், தேயிலைக்குள் குறுக்கு வழியாக நடந்தே வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராக மனனாங்கலின் முன்னால் வந்து நின்றாள். அம்மா குனிந்தாள். கெண்டைக்காலில் ரத்தம் குடித்துக் கொழுத்த ஓர் அட்டை. என் இல்லாமையின் இருப்பிலிருந்து ஒரு கை உப்பை அள்ளி அதன்மேல் அப்பினாள். அட்டை சுருண்டு விழுந்தது. வெள்ளைக் குவியலில் ரத்தம் சொட்டியது.

இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. கொச்சியிலிருந்து வந்திருந்த கியூரேட்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அம்மே, நாளைக்கும் இதே நேரம் வரணும், கேட்டோ,” என்றார். அட்டைக்கு என்ன ஏற்பாடு என்று அவர் சொல்லவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். “ஏட்டி, அட்டைக்குன்னுதானே உப்பு வச்சிருக்க? தப்பாப் போச்சோ?”

தப்பில்லை என்று சொல்லி, மனனாங்கலின் கதையைச் சொன்னேன். அவள் பச்சைக் கோட்டையும் வளைவையும் நெடுநேரம் பார்த்தாள்.

“இது நாங்கதானே,” என்றாள். “ரோட்டுல போறவன் எல்லாம் எங்களை இப்படித்தான் போட்டோ புடிப்பான். செடிக்கு மேல உள்ளதுதான் தெரியும். கீழ காலுக்கு உப்பப் பூசிக்கிட்டு நிக்கது அவனுக்கு எப்படித் தெரியும்?”

என் பக்கம் திரும்பி, “நீயுமா ஏட்டி கால விட்டுட்ட?” என்றாள்.

வெட்கமாக இருந்தது. விளக்கத் தாள்கள் என் கையில்தான் இருந்தன. தரையில் உட்கார்ந்து, தாளில் ஒரு துண்டைக் கிழித்து அம்மாவின் கெண்டைக்காலில் ஒட்டி அழுத்தினேன். அட்டைக்கடி லேசில் நிற்காது. புள்ளிக்கு எழுதிய இரண்டு பக்கமும் தேவைப்பட்டது.