ஆறாம் இடத்தில் எங்கள் கல்லூரி

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு அருகே ஒரு தமிழ்க் கடை இருந்தது. பின்பக்கத்துச் சாமான் அறையின் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அதற்குள்ளிருந்து மூன்று ஆண்களின் குரல்கள் வரும். தொலைபேசி அட்டை வாங்கப் போகும் நான், பருப்புப் பைகள் அடுக்கியிருந்த தட்டின் முன்னால் தேவைக்கு அதிகமாக நிற்பேன். அந்த இடத்தில் பேச்சு நன்றாகக் கேட்கும்.

அப்போது நான் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். ஒவ்வொரு சோதனைக்கும் இடது பக்கத்தில் எதிர்பார்க்கும் விளைவையும் வலது பக்கத்தில் கிடைத்த விளைவையும் எழுதவேண்டும். இடது பக்கத்தை முதலிலேயே எழுதிவிட வேண்டும். ஓட்டிப் பார்த்த பிறகு எழுதினால் அது ஏமாற்று. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளி மாலை அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால் திங்கள் காலை வரை நான் வாய் திறந்து சொல்பவை ஒரு சிறு பட்டியலில் அடங்கும்: நன்றி, பை வேண்டாம், மன்னிக்கவும், ஒரு ஐந்து பவுண் அட்டை தாருங்கள்.

அந்த அட்டையில் அம்மாவை அழைப்பேன். எதை விசாரித்தாலும் கடைசியில் அம்மா ஒரே இடத்துக்குத்தான் வருவார்.

"அங்க கதைக்கப் பேச ஆராவது இருக்கினமோ பிள்ளை?"

"ஓம் அம்மா, இருக்கினம்."

சாமான் அறைக் குரல்களை நினைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்வேன். அந்தக் குரல்களுக்குரியவர்களோ என்னை அறியமாட்டார்கள்.

ஒருநாள் கடைக்கார அண்ணை மிச்சக் காசைத் தரும்போது ஊரை விசாரித்தார். ஜெர்மனியில் பல வருடங்கள் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். சொன்னேன். பிறகு படித்த இடத்தைக் கேட்டார். அதையும் சொன்னேன். அவர் உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார்.

"டேய், இஞ்ச வாங்கோடா. எங்கட கொலிஜ்!"

மற்ற இருவரும் வெளியே வந்தார்கள். ஒருவர் லண்டனின் மறுகோடி ஹரோவில் வீடு வாங்கியிருந்த கணக்காளர். ஞாயிறுதோறும் ரயில் மாறி மாறி இவ்வளவு தூரம் வருபவர். மற்றவர் வாகனங்களுக்கு எண்ணெய் அடிக்கும் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்பவர், ஷிப்ட் முடிந்து சீருடையோடே நின்றார்.

"எங்கட கொலிஜில பொம்பிளைப் பிள்ளையளோ?" என்றார் ஹரோ அண்ணை.

"ஏ.எல்., உயர்தர வகுப்பு மட்டும் அங்க படிச்சனான் அண்ணை." படித்த வருடங்களையும் சொன்னேன்.

மூவரும் மனதுக்குள் கணக்குப் பார்த்தார்கள். பெற்றோல் ஷெட் அண்ணைதான் முதலில் முடித்தார். "அப்ப இடம்பெயர்ந்த காலமெல்லோ?"

"ஓம். வேற பள்ளிக்கூடத்துக் காணிக்குள்ள கொட்டில் போட்டுத்தான் வகுப்பு."

"கிரவுண்ட்?"

"நான் பாக்கேல்லை."

துக்க வீட்டில் நிற்பவர்கள்போல மூவரும் ஒரு கணம் நிலத்தைப் பார்த்தார்கள். "கிரவுண்டைக் காணாமல் எங்கட கொலிஜ் எண்டு..." என்று இழுத்தார் ஹரோ அண்ணை. ஆனாலும் அன்று எனக்கு ஒரு பிளாஸ்ரிக் ஸ்டூல் கிடைத்தது. அரிசி மூட்டைகளுக்கும் கதவுக்கும் இடையில் அதைப் போட்டார்கள். பாதி உள்ளே, பாதி கடைக்குள்.

அவர்கள் பேசியதெல்லாம் உதைபந்தாட்டம்தான். ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் லண்டனில் ஆளுக்கோர் அணி வைத்திருந்தன. கோடை முழுக்கப் போட்டிகள் நடக்கும். முந்தைய வருடங்களில் ஊரில் அயலில் இருந்த பள்ளிகளை இங்கேயும் ஒரே பிரிவில் போட்டிருந்தார்கள். அந்த வருடம் ஏற்பாட்டாளர்கள் சீட்டுக் குலுக்கிப் பிரிவுகளை மாற்றிவிட்டார்கள். எங்கள் அணி விழுந்த புதிய பிரிவில் எட்டு அணிகள். மற்ற ஏழில் ஒன்றுடன்கூட எங்கள் அணி லண்டனில் ஆடியதில்லை.

"ஒரே பஸ் ரூட்டில இருந்தவங்களோட விளையாடினதுக்கு இது என்ன கூத்து?" என்றார் ஹரோ அண்ணை. அந்தப் புதிய பிரிவில் யார் எத்தனையாவதாக வருவார்கள் என்பதுதான் வசந்தகாலம் முழுக்கப் பேச்சு.

"கடற்கரைப் பக்கத்து டீமுக்குப் பயப்பிடத் தேவையில்லை. அவங்கட கிரவுண்ட் மணல். மணலில பழகினவனுக்குப் புல்லில பந்து காலில நிக்காது."

"கிழக்கில இருந்து வாறவங்கள் நல்லா ஓடுவாங்கள். ஆனா வெய்யிலுக்குத்தான். இஞ்சத்தைக் குளிருக்கு ஏலாது."

"டவுன் பள்ளிக்கூடம்? அவங்கட பிரின்சிபல் படிப்பு படிப்பெண்டு பொடியளை அஞ்சு மணிக்கே வீட்ட கலைச்சுப்போடுவார். ஸ்டமினா எங்கால வாறது?"

"அந்த மனுசன் மோசம் போய் எத்தினை வருசம்?" என்பார் பெற்றோல் ஷெட் அண்ணை.

"செத்தாலும் பழக்கம் போகுமோடா?"

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் அரைக் கணம் பிந்தி. அவர்கள் சொன்ன மைதானங்களில் ஒன்றையும் நான் கண்டதில்லை. அந்த அணிகளில் இப்போது ஆடும் பையன்களும் கண்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

போய்ப் பார்த்தேன். என் அறையிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பெரிய வெளி உண்டு. பக்கம் பக்கமாகக் கோல் கம்பங்கள். சனிக்கிழமைகளில் அணிகள் அங்கே பயிற்சி ஆட்டம் ஆடும். கையில் சான்ட்விச்சுடன் கோட்டருகே நிற்பேன். பார்க்க வந்த குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்து பெட்டிகளைத் திறக்கும்போது பார்வையைப் பந்தில் வைத்துக்கொள்வேன். மணலில் பழகிய கடற்கரை அணியில் பாதிப் பேர் ஹரோவில் பிறந்து, அங்கேயே சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவர்கள். "பாஸ் இற், அண்ணா!" என்று கத்தியபடி புல்லில் வழுக்கிக்கொண்டு போனார்கள். கிழக்கு அணி குளிரில் கையுறை போட்டு, எல்லோரையும்விட அதிகம் ஓடியது. எங்கள் அணியையும் பார்த்தேன். நடுவில் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். பேக்கரியில் இரவு வேலை முடித்து நேரே வந்து, இடைவேளையில் புல்லிலேயே தூங்கிவிட்டார். கோல் காத்தவருக்கு முழங்காலில் பட்டி. மாற்று ஆட்டக்காரர் என்று யாரும் இல்லை.

பார்த்தவற்றை வரிசைப்படுத்துவது கஷ்டமாக இருக்கவில்லை. எங்கள் அணிக்கு ஆறாம் இடம். என் ஸ்டூலைக் கதவுக்கு உள்ளே முழுதாகத் தள்ளிப்போட இதுதான் வழி என்றும் நம்பினேன். மைதானத்தைக் காணாதவள்தான், ஆனால் இந்த வருடத்து ஆட்டத்தை அவர்களைவிட அதிகம் கண்டிருந்தேன்.

போட்டிகள் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆளாளுக்குத் தங்கள் வரிசையைச் சொல்லும் ஞாயிறு வரும். வெண்டிக்காய் வந்த அட்டைப்பெட்டியை விரித்து, அதன் வெறும் பக்கத்தில் கடைக்கார அண்ணை மார்க்கர் பேனையால் கோடு கீறுவார். ஆளுக்கொரு கோடு, மேலே அவர் பெயர், கீழே எட்டு அணிகள். பருவம் முடியும்வரை அது சாமான் அறைக் கதவில் தொங்கும்.

அன்று மூன்று கோடுகள் நிரம்பின. கீழே சண்டை பிடித்துப் பிடித்து மாற்றினார்கள். மேலே மூன்றிலும் எங்கள் கல்லூரி. பிறகு பெற்றோல் ஷெட் அண்ணை என்னைப் பார்த்தார்.

"தங்கச்சிக்கும் ஒண்டு கீறுங்கோ."

"அவ எந்தக் கிரவுண்டைக் கண்டவ?" என்றார் ஹரோ அண்ணை.

"கீறுவம், அதில என்ன," என்று கடைக்கார அண்ணை பேனையின் மூடியைக் கழற்றினார். "சொல்லுங்கோ பிள்ளை."

கீழிருந்து மேலாகச் சொல்லத் தொடங்கினேன். எட்டாவது, ஏழாவது. ஒவ்வொன்றுக்கும் கண்ட காரணத்தையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்கள். பெற்றோல் ஷெட் அண்ணை தலையைக்கூட ஆட்டினார்.

"ஆறாவது நாங்கள்."

பேனை அட்டையில் இன்னும் படவில்லை.

"ஆறோ?"

"மாற்றுக்கு ஆக்கள் இல்லை அண்ணை. நடுவில விளையாடுறவர் நித்திரை இல்லாமல் வாறார். கோல் கீப்பருக்கு முழங்கால்..."

"அவன்ர முழங்காலைப் பற்றி எங்களுக்குத் தெரியாதோ?" என்றார் ஹரோ அண்ணை. "நான்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனான்."

கடைக்கார அண்ணை பேனையின் மூடியைப் போட்டார். "எங்கட டீமை ஆறாவது எண்டு என்ர கடையில எழுத ஏலாது பிள்ளை." பகிடிபோலத்தான் சொன்னார். ஆனால் அட்டையை மூன்று கோடுகளுடனேயே கதவில் தொங்கவிட்டார். யாரோ மீன் டின் கேட்டு வர, அவர் கல்லாவுக்குப் போனார். மற்ற இருவரும் அடுத்த வாரத்து ரயில்களைப் பற்றிப் பேசினார்கள். மீதி ஐந்து அணிகளை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் ஸ்டூலை மூட்டைகளின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை அம்மா கேட்டபோதும் இருக்கினம் என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு தொலைபேசி அட்டையை ஸ்டேஷன் அருகிலிருந்த வேறொரு கடையில் வாங்கினேன். அந்தக் கடைக்காரர் காதில் தொலைபேசியை வைத்தபடியே காசை வாங்குவார். ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுபோயின. உடுப்புத் தோய்த்தேன், அலுமாரியை அடுக்கினேன், அடுக்கியதை வேறு ஒழுங்கில் அடுக்கினேன். சனிக்கிழமைகளில் பயிற்சி ஆட்டம் பார்க்கப் போகவில்லை. ஓர் இரும்பு வாளி வாங்கவேண்டும் என்று எழுதிவைத்து, வாங்கி, அந்த வரியை வெட்டிய கணம்தான் அந்த வாரக் கடைசியின் மிகப் பெரிய சம்பவம். ஆறு என்று சொன்னது பிழையா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிழையில்லை. அவர்களும் அதைப் பிழை என்று சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அந்த முழங்காலையும், அந்தத் தூக்கத்தையும் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். அறிந்துகொண்டுதான் முதலாவது என்று எழுதியிருந்தார்கள்.

முதல் போட்டிக்கு முந்திய ஞாயிறு, குத்தரிசி முடிந்துபோனதால் பழைய கடைக்கே போனேன். ஸ்டேஷன் கடையில் அது கிடையாது.

"எங்க பிள்ளை, ஆளைக் காணேல்லை?" என்றார் கடைக்கார அண்ணை. "உடம்புக்கு வருத்தமோ?"

"வேலை அண்ணை."

"உள்ள போய்ப் பாருங்கோ."

சாமான் அறையில் யாரும் இல்லை. கதவில் அட்டை தொங்கியது. அதில் நான்காவதாக ஒரு கோடு, நெருக்கி நெருக்கிக் கீறியது. மேலே 'தங்கச்சி' என்று எழுதியிருந்தது. அதன் கீழே முதலாவதாக எங்கள் கல்லூரி. கடைசி இரண்டு இடங்களில் நான் சொன்ன அதே அணிகள்.

கடைக்கார அண்ணை பின்னால் வந்து நின்றார். "நீங்கள் சொன்ன மாதிரியேதான் எழுதினனான். நடுவில உள்ளதை அவன் பெற்றோல் ஷெட்காரன் நிரப்பினவன், தங்கச்சி இப்பிடித்தான் நினைச்சிருப்பா எண்டு. எங்கடையை மட்டும் மேல தூக்கி வைச்சனான். அது வைக்கத்தானே வேணும்?"

மார்க்கர் பேனை கதவின் கைபிடியில் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டினால் தொடலாம். என் பெயரில் என் விடை இல்லாத ஒரு கோடு. அலுவலகத்தில் என்றால் உடனே திருத்தியிருப்பேன்.

"ஓம் அண்ணை," என்றேன். "வைக்கத்தானே வேணும்."

ஸ்டூலை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டேன்.

அந்தக் கோடையில் எல்லாப் போட்டிகளுக்கும் போனேன். மூவருடன் ஒரே பக்கத்தில் நின்றேன். ஹரோ அண்ணை வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்து ரோல்ஸ் கொண்டுவருவார். மணலில் பழகிய அணி எங்களுக்கு மூன்று கோல் போட்டபோது, "கால் புதைஞ்சால்தான் இவங்களுக்குத் தெரியும்" என்று அவர் முணுமுணுத்தார். பேக்கரி அண்ணை ஒருமுறை ஆட்டத்துக்கு வரவே இல்லை. பஸ்ஸில் தூங்கி எங்கோ போய் இறங்கியிருந்தார். கடைசி ஆட்டம் முடிந்தபோது எங்கள் அணி ஆறாவதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, முதலாவதாக வந்த கிழக்கு அணிக்காரர் ஒருவர் மீன் வாங்க வந்து, சாமான் அறைக் கதவை எட்டிப் பார்த்தார். "நாலு பேருமே முதலாமிடமோ? ஒருத்தருக்கும் கண் தெரியாதோ?"

"தங்கச்சி கொம்பியூட்டர் படிச்சவ," என்றார் பெற்றோல் ஷெட் அண்ணை. "அவவே பிழை விட்டிட்டா. நாங்கள் எம்மாத்திரம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் அதைக் குறும்பாகச் சொல்லவில்லை. நான் ஆறு என்று சொன்னதை உண்மையாகவே மறந்திருந்தார். ஹரோ அண்ணையின் முகத்திலும் அதன் தடயம் இல்லை. கடைக்கார அண்ணை மட்டும் என்னைப் பார்க்காமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிழைச்சுப் போச்சு அண்ணை," என்றேன்.

இந்த முறை அரைக் கணம் பிந்தாமல் எல்லோருடனும் சிரித்தேன். அட்டையைக் கழற்றி, மற்ற அட்டைகளோடு மடித்துக் கட்டி, குப்பைக்கு வைத்தார்கள்.

மாலையில் அறைக்கு வந்து எண்களை அழுத்தினேன்.

"இண்டைக்கு ஆரோட கதைச்சனி?"

"கொலிஜ் ஆக்களோட அம்மா. பந்தடிப் போட்டியெல்லாம் முடிஞ்சுது."

"வெண்டதோ?"

"இல்லை. தோத்திட்டம்."

"அதுக்கென்ன. அடுத்த வருசம் வெல்லுவியள்."

அடுத்த வருடம் வரைக்கும் எத்தனை ஞாயிறுகள் என்று மனம் தன்பாட்டில் எண்ணத் தொடங்கியது. அட்டையில் நிமிடங்கள் மீதமிருந்தன. அம்மா அங்கே காத்திருந்தார். இணைப்பின் இரைச்சலுக்குள் ஊரில் மழையா என்று கேட்டேன்.