தூணுக்குப் பின்னால் இருந்த ஸ்டேஷன்

கம்ப்யூட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று யாராவது என்னிடம் விளக்க ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். நாலு வருடம் அதன் வயிற்றுக்குள் கைவிட்டே சம்பளம் வாங்கியவள் நான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் அசெம்பிளி லைனில் ராம் மாட்டுவது என் வேலை. கம்ப்யூட்டர் ஒரு வேலையைச் செய்து முடிக்கும்வரை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் பட்டை அது, ஒரு சின்னச் சீப்பு அளவுக்கு இருக்கும். எல்லாப் பாகங்களையும் தாங்கும் மதர்போர்டில் அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் நிறுத்தி, இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அமுக்கினால் டக் டக்கென்று உட்காரும். எனக்கு அந்தச் சத்தம்கூட வேண்டாம், விரலே சொல்லிவிடும்.

மாட்டியதும் ‘ஓகே’ என்று குரல் கொடுத்து, கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும் தட்டை இடது பக்கம் தள்ளிவிட வேண்டும். அதுதான் லைனின் சட்டம். ஆளுக்கு ஒரு இடம், அதற்கு ஸ்டேஷன் என்று பேர். அடுத்தவர் வேலையைத் தொடக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. “உன் ஸ்டேஷன மட்டும் பாரு” என்பதைத் தவிர எங்கள் சூப்பர்வைசர் வாயிலிருந்து வேறு வாக்கியம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த ஆனி மாதத்தோடு என் கான்ட்ராக்ட் முடிவதாக இருந்தது. மறுபடி ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரகடம் ரோட்டில் கம்பெனி கம்பெனியாகக் கேட்டில் நிற்க நான் தயாராக இல்லை. படப்பையில் ஒரு சின்ன அறையைப் பார்த்து வைத்தேன். டைப்பிங், பிரின்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் கடை போடுவது என்று முடிவு செய்தேன். புதுப் புது மனைகளாக முளைக்கிற ஊர், பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் ஆட்கள் அலைந்துகொண்டே இருப்பார்கள். கடை ஓடும் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

அந்த அறையின் சொந்தக்காரரான கடைக்காரம்மாவுக்குத்தான் சந்தேகம். “இதோ பாரும்மா, ஆடி பொறந்துட்சின்னா புதுசா எதுவும் தொறக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி தொறந்துடு. சும்மா பூட்டத் தொறந்து மூடறதெல்லாம் கணக்குல வராது, மிஷினு ஓடணும். இல்லன்னா பிரியாணிக்காரரு கேட்டுகினே கீறாரு, அவருக்குக் குட்துடுவேன்” என்று சொல்லிவிட்டார்.

ஆடிக்கு முன்னால் எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்ச் சாமான்களை வாங்கினேன். மானிட்டர் மட்டும் பழசு. “அசெம்பிள் பண்ணிக் குடுத்துடட்டுமா மேடம்?” என்று கடைப் பையன் கேட்டான். யாரிடம் வந்து கேட்கிறான்! வேண்டாம் என்று அப்படியே டப்பாக்களோடு வாங்கி வந்தேன். பென்னலூரில் என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த இரண்டு பேரும், ஒருத்தி வந்தவாசிக்காரி, இன்னொருத்தி தூத்துக்குடிக்காரி, அதே லைன்தான். நாங்கள் மூன்று பேர் சேர்ந்தால் முடியாத கம்ப்யூட்டரா?

ஞாயிறு காலை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து கொஞ்சம் தூங்கினோம். பிறகு ஒரகடம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, மடியில் ஆளுக்கு ஒரு டப்பா. கடைக்குள் போனபோது கடைக்காரம்மா விளக்கும் பால் சொம்புமாக எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். “நாலரைக்கு ராகு காலம் வந்துடும். பொழுது சாஞ்சப்புறம் நான் ஒத்துக்க மாட்டேன்” என்றார். எதிர் டீக்கடையில் பிரியாணிக்காரர் நின்று, அடுப்பை எங்கே வைக்கலாம் என்று எங்கள் அறையைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

வேலை ஆரம்பித்தது. யாரும் சொல்லாமலேயே லைனில் நிற்கிற வரிசையில் மேஜையைச் சுற்றி நின்றுவிட்டோம். வந்தவாசிக்காரி எல்லாம் அடங்கும் கேபினெட் பெட்டியைப் பிரித்து, கரண்ட் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பொருத்தி, மதர்போர்டை உள்ளே ஸ்க்ரூ போட்டு இறுக்கி, கரண்ட் வயரையும் சொருகினாள். ‘ஓகே’ என்று தள்ளினாள். தூத்துக்குடிக்காரி ப்ராசஸரை எடுத்தாள். மொத்தக் கணக்கையும் போடுகிற மூளை அதுதான், சீக்கிரம் சூடாகிவிடும். அதைப் பூப்போல இறக்கி, தலைக்கு மேல் ஃபேனை மாட்டினாள். ‘ஓகே.’ அடுத்தது நான். ராம் இரண்டையும் அமுக்கினேன். கோப்புகளைச் சேர்த்துவைக்கும் எஸ்எஸ்டியையும் சொருகினேன். நானும் ‘ஓகே’ சொன்னேன். மூடி போட்டு, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இணைத்தாயிற்று. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைக்காரம்மா விளக்கேற்றினார். சாமி கும்பிட்டுவிட்டு முன்னால் இருந்த பட்டனை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஃபேன் அசையவில்லை, பெட்டியின் சின்ன விளக்குகூட எரியவில்லை.

“பிளக்கு சரியா கீதா?” என்றார் கடைக்காரம்மா. சரியாகத்தான் இருந்தது. எஸ்எம்பிஎஸ் சுவிட்சை இரண்டு முறை போட்டு அணைத்துப் பார்த்த வந்தவாசிக்காரி, “என்னுது கரெக்டா கீதுடி. உன் ராமு உக்காரல” என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு வருடத்தில் என் கையிலிருந்து ஒரு தட்டு திரும்பி வந்ததில்லை. மூடியைக் கழற்றி ராமைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன், கோபத்தில் கொஞ்சம் பலமாகவே. தூத்துக்குடிக்காரி ப்ராசஸரை எடுத்துப் பார்த்து, “என் வேல சுத்தமா இருக்குட்டி” என்றாள். ஆளாளுக்குத் தன் வேலையைப் பார்த்தோம், ஆளாளுக்கு ஓகே சொன்னோம். பெட்டி மட்டும் பிணமாகக் கிடந்தது.

“ராகு காலமெல்லாம் எங்க கிறிஸ்தவ வேதத்துல கெடயாதுட்டி. ஆனா ஒனக்காவ நானும் மணியப் பாத்துட்டேதான் இருக்கேன்” என்றாள் தூத்துக்குடிக்காரி. என் கண்ணும் கடிகாரத்தில்தான் இருந்தது. கான்ட்ராக்ட் முடிந்த மறுநாளே ஏதோ ஒரு கேட்டில் வெயிலில் நிற்கிற என்னை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரியாணிக்காரர் டீயைக் குடித்துவிட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார்.

“எல்லாரும் கைய எடுங்க” என்று கத்தினேன். “லைன மொதல்லேர்ந்து ஓட்டிப் பாப்போம். தட்டு வருது. நீ இன்னா பண்ற?”

“எஸ்எம்பிஎஸ்ஸு, போர்டு” என்றாள் ஒருத்தி.

“அப்புறம்?”

“ப்ராசஸரு, ஃபேனு” என்றாள் மற்றவள்.

“அப்புறம் நான். ராமு, எஸ்எஸ்டி. ஓகே சொல்லி லெஃப்ட்ல தள்ளிடுவேன்.”

“யாருக்குட்டி தள்ளுவ?” என்றாள் தூத்துக்குடிக்காரி.

லைனை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கம்பெனியில் என் இடது பக்கம் ஒரு பெரிய தூண். தூணுக்குப் பின்னால் ஒரு அக்கா. தொப்பியும் மாஸ்க்கும் போட்டிருப்பார், டீ பிரேக்கும் எங்களுக்குத் தனித்தனி நேரம். நான் தள்ளுகிற தட்டைப் பிடிக்கும் இரண்டு கைகள்தான் எனக்குத் தெரியும். அந்தக் கைகள் அப்புறம் என்ன செய்யும்?

மற்ற இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் தட்டு என்னிடம் வரும்போது கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய வயர்கள் சில தொங்கும், நான் ராம் மாட்ட இடைஞ்சலாக. தினமும் அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் என் வேலையைச் செய்வேன். இன்றைக்கும் அப்படித்தான், முறுக்கி மூலையில் செருகிவிட்டிருந்தேன்.

கையை உள்ளே விட்டு இழுத்தேன். பட்டனின் பின்புறத்திலிருந்து கிளம்பிய வயர், எதிலும் சேராமல் என் கையில் தொங்கியது. பட்டன் போர்டோடு சேரவே இல்லை. அதைச் சேர்ப்பதுதான் தூணுக்குப் பின்னால் அந்தக் கைகளின் வேலை. பிறகு எத்தனை முறை அழுத்தி என்ன? சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வந்தவாசிக்காரி செல்போன் டார்ச்சைப் பிடித்தாள். போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் படித்து, சரியான இரண்டு ஊசிகளில் அந்த வயரைச் சொருகினேன். வழக்கம்போல வாயில் ஓகே வந்தது, விழுங்கிவிட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எஸ்எஸ்டி வரை எல்லாவற்றையும், யாருடையது என்று பார்க்காமல், நானே ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். பிறகு பட்டனை அழுத்தினேன்.

ஃபேன் சுற்றியது. பழைய மானிட்டரில் வெள்ளை எழுத்து வந்தது. விண்டோஸெல்லாம் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், உயிர் வந்துவிட்டது. மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் பால் சொம்பு கவிழப் பார்த்தது. கடைக்காரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நாலரை ஆகவில்லை. சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிரியாணிக்காரர் வாசலிலேயே நின்று யோசித்துவிட்டு, “மெனு கார்டு அடிச்சித் தருவியாம்மா?” என்று கேட்டார். தருவேன் என்றேன்.

கான்ட்ராக்டில் இன்னும் சில நாள் மிச்சம் இருந்தது. மறுநாள் ஷிஃப்டில் முதல் தட்டு வந்தது. ராமை அமுக்கினேன். தொங்கிய வயர்களை மூலையில் செருகாமல், எடுக்க வசதியாக மேலே விட்டேன். தட்டைத் தள்ளாமல் நானே எடுத்துக்கொண்டு தூணைச் சுற்றிப் போனேன். தூரத்தில் சூப்பர்வைசர், “உன் ஸ்டேஷன மட்டும் பாரு” என்று குரல் கொடுத்தார்.

அந்த அக்கா பயந்துபோய் மாஸ்க்கை இறக்கினார். மூக்குத்தி போட்ட, வட்டமான முகம். “இன்னாம்மா, எதுனா தப்பு பண்ட்டனா?” என்றார்.

“இல்லக்கா. வர்ற ஞாயித்துக்கெழம படப்பைக்கு வாங்க” என்றேன். “என் கடையப் பாக்கணும் நீங்க.”