வாசித்துக் காட்டிய கடற்கரை ஊர்

நியூஜெர்சிக் கரையில் உள்ள அந்தச் சிறிய ஊரின் வரலாற்றை எழுதும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நாங்களும் தம்பி முறையில் பழகிய நண்பர் குடும்பமும் ஆகஸ்ட் முதல் வாரத்தை அங்கே ஒரே வாடகை வீட்டில் கழிப்போம். ஒன்பது கோடைகள் அப்படிப் போயின. தினமும் டைரி எழுதும் எனக்கு ஓர் ஊரில் ஏழு நாள் சும்மா உட்காரத் தெரியவில்லை.

வீட்டுக்காரம்மாள் பின்புறச் சிறுவீட்டில் தனியாக இருந்தார். காலையில் வராந்தாவில் காபியோடு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். முதலில் வெறும் மணல்மேடு. ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்கள் கூடாரம் அடித்தார்கள். கூடாரங்கள் பலகை வீடுகளாயின. ரயில் வந்ததும் நகரத்துக் குமாஸ்தாக்கள் குடும்பத்தோடு வந்து இறங்க, தெருவெல்லாம் விடுதிகள் முளைத்தன. அவருடைய கொள்ளுத் தாத்தா இங்கிலாந்தின் கடலோர ஊர் ஒன்றில் விடுதி வேலை பார்த்தவர். அங்கேயும் இப்படித்தானாம்: மீனவர் குப்பம், கடல்நீர்க் குளியல் உடம்புக்கு நல்லது என்ற வைத்தியர்கள், பிறகு ரயில், பிறகு கடலுக்குள் நீளும் மரப்பாலம். அந்த விடுதியின் முகப்பை நினைவில் வைத்து, மூன்று பக்கமும் சுற்றிவரும் வராந்தாவோடு அமெரிக்கா வந்த அந்தத் தாத்தா இந்த வீட்டைக் கட்டினார். கார்கள் பெருகியபின் மக்கள் காலையில் வந்து மாலையில் திரும்பினார்கள், விடுதிகள் மூடின. கடல் ஊருக்குள் புகுந்த பெரும் புயலுக்குப் பிறகு புது வீடுகள் தூண்கள்மேல் ஏறி நின்றன. பழைய வராந்தா அந்தத் தெருவில் இது ஒன்றுதான்.

ஞாயிறு காலை இட்லி முடிந்ததும் நோட்டை வாசிப்பது எங்கள் வழக்கம். “ஆன்ட்டி, இஸ் திஸ் கோயிங் டு பி லாங்?” என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகள் கடலுக்கு ஓடிவிடுவார்கள். தம்பி மட்டும் அசையாமல் கேட்பார்.

“தண்ணி இந்த வீட்டுக்குள்ள வந்துச்சாக்கா?”

“படிக்கட்டோட நின்னுடுச்சாம்.”

“சூப்பர். மேல படிங்க.”

படித்தேன். வீட்டுக்காரம்மாள் என்னிடம் மட்டும் சொன்னதையும் படித்தேன். அவர் பிள்ளைகளுக்கு வீடு வேண்டாம். இடிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பவருக்குத்தான் விற்பார். இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். படிப்பது தமிழில், கேட்பது நம்ம ஆட்கள், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஜனவரியில், அந்த வருடக் கோடைக்கு அந்த வீடு வாடகைக்குக் கிடைக்கவில்லை என்று தம்பி சொன்னார். ஒரு தெருப் பெயரைச் சரிபார்க்க ஏப்ரலில் தனியாகக் காரில் போனேன். வராந்தா இருந்த இடத்தில் கம்பிவேலி, உள்ளே உடைந்த பலகைக் குவியல். வாங்கியவர் யார் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன்.

“இடிக்க மாட்டேன்னு சொல்லித்தானே வாங்கின?”

“அக்கா, அது சும்மா பேச்சு. கான்ட்ராக்ட்ல இல்லியே. அந்தப் பழைய வீட்டுக்கு எவன் இன்ஷூரன்ஸ் குடுப்பான்? கோவப்படாதீங்க. புது வீட்டுல உங்களுக்குக் கடல் பாத்த ரூம் ஒண்ணு.”

அவர் மனைவி டீயோடு வந்தாள். “உங்க நோட்டுதான்க்கா எங்களுக்கு இன்ஸ்பிரேஷன்” என்றாள். கிண்டல் இல்லை, மனதார. டீயைத் தொடாமல் எழுந்தேன்.

மறுநாள் வீட்டுக்காரம்மாளைத் தேடிப் போனேன். தன் மகள் வசிக்கும் ஊரில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தார்.

“உங்கள் நண்பர் வந்து, நீங்கள்தான் அனுப்பியதாகச் சொன்னார். அதனால்தான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை” என்றார்.

“நான் அனுப்பவில்லை.”

“அப்படியானால் என் பிள்ளைகளுக்கு வீடு வேண்டாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எந்த வாக்கைக் கேட்பேன் என்பது எப்படித் தெரியும்?”

“நான் வாசித்துக் காட்டினேன்” என்றேன். எந்த ஞாயிறு, யார் யார் இருந்தார்கள், எந்த மொழியில் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். எழுந்து போய், வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.