வேலைநிறுத்தக்காரர்களுக்கு யார் சமைப்பது?

இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா வீட்டு முன்னறையில் கிளாக்கர்மார் சங்கக் கூட்டம். தோட்டத்துத் துரை லீவு தர மறுக்கிறாராம். பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர்மார் எல்லாரும் வந்திருந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தவள் நான், இந்த வீட்டு வேலைக்காரி.

"ஞாயித்துக்கிழமையும் வேல செய்ய நாம என்ன அடிமைங்களா?" என்று ஐயா மேசையைத் தட்டினார்.

தட்டோடு நின்ற நான் கேட்டுவிட்டேன்.

"அப்ப எனக்கும் ஞாயித்துக்கிழமை லீவு உண்டுங்களா ஐயா?"

நானுஓயாவிலிருந்து வந்த சங்கச் செயலாளர்தான் வாயைத் திறந்தார். "கடைக்கும் ஆபீசுக்கும் சட்டம் இருக்கும்மா. வீட்டு வேலைக்கு அப்படி ஒண்ணும் இல்ல."

"இல்லேன்னா கேட்டு வாங்கிக் குடுங்க. விடியக்காலம் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கிற கொழுந்துக்காரங்களுக்கும் சங்கம் இருக்கு, உங்களுக்கும் இருக்கு."

வீட்டம்மா கதவோரம் வந்து நின்றார். "இவள நாங்க சொந்தப் பொண்ணாட்டம் வச்சிருக்கோம். பொண்ணு தாய்கிட்ட லீவு கேப்பாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். சொந்தப் பொண்ணு கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டுக்கு வந்தால் அவள் உள்பாவாடையைத் துவைப்பதும் நான்தான்.

பிறகு, நாளையிலிருந்து யாரும் வேலைக்குப் போவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். ஏகமனதாக நிறைவேறியதாம்.

உடனே ஐயா என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு எல்லாரும் இங்கதான் இருப்போம். வெள்ளனவே எந்திரிச்சு கோழி அடிச்சிரு. சோறும் கூடுதலா வடி."

அடுப்படிக்கு வந்து நான் ஒருத்தியாகவே ஒரு கூட்டம் போட்டேன். நாளைக்கு இந்த வீட்டு அடுப்பு எரியாது. அதுவும் ஏகமனதாக நிறைவேறியது.

மற்ற வீட்டு வேலைக்காரிகளே, உங்கள் ஐயாமார் வீட்டு அடுப்படிகளில் என்ன தீர்மானம்?