மூன்றாவது ஓலைக்கு முன்

சர்ச்சைக்குரிய பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுவது என் பிழைப்பு. அரசியல்வாதியைப் பற்றி எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். சாமியாரைப் பற்றி எழுதினால் பிரசாதம் வரும். நோட்டீஸ் எவ்வளவோ மேல்.

சந்தாபுரா பக்கம் ஆசிரமம் வைத்திருக்கும் ஒரு சாமியார் பிறவியிலேயே துறவி என்பது பக்தர்களின் கட்சி. விசாரித்தால், மர்பி டவுனில் ஞானஸ்நானம் பெற்றவர். ஒரு டீச்சரோடு கல்யாணம் நிச்சயமாகி, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சர்ச்சில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்திருக்கிறார்கள். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. கல்யாணமும் நடக்கவில்லை.

டீச்சர் ரிடையராகி காக்ஸ் டவுனில் தனியாக இருந்தார். காபி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அவன் என்னை விட்டுட்டு ஓடிட்டான்னு இந்த ஸ்ட்ரீட்டே பேசுது. நான்தான் சார் வேணாம்னேன். வாயத் திறந்தா மூடவே மாட்டான். நானே ஃபாதர்கிட்ட போய், நிறுத்திடுங்கன்னு சொன்னேன். இதை மட்டும் எழுதுங்க, போதும்."

அந்த ஃபாதர் காலமாகிவிட்டார். எதையும் இரண்டு பேர் சொன்னால்தான் எழுதுவேன் என்பதால் சாமியாரிடமே கேட்கப் போனேன். அவர் மௌன விரதத்தில் இருந்தார். கேள்வியைக் குறித்துக்கொண்ட காரியதரிசி, "ரொம்ப உபயோகமான தகவல் சார்" என்று டீ வரவழைத்தார்.

உபயோகம் சீக்கிரமே தெரிந்தது. பிறவித் துறவி என்ற பேச்சு போய், நிச்சயித்த பெண்ணையே கடவுளுக்காகத் துறந்த மகான் என்று ஆசிரமம் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தது. தகவல் கொடுத்ததே நான்தான். இரண்டு பேர் விதியாவது ஒன்றாவது என்று டீச்சர் சொன்னதை அப்படியே அச்சேற்றினேன்.

புத்தகத்தைக் கொடுக்கப் போனபோது அவர் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே தேங்காய், பூவோடு சாமியாரின் பக்தைகள். சாமி துறந்த அம்மாவிடம் ஆசி வாங்க வந்திருந்தார்கள். டீச்சர் என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, தான் வேண்டாமென்று சொன்ன பக்கத்தை வகுப்பில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் என் எழுத்தைப் படித்ததில்லை.

முன்னால் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரின் காலில் விழுந்தாள்.

"சாமியோட மகிமையப் பாருங்கம்மா. உங்க வாயாலயே வேணாம்னு சொல்ல வச்சிருக்காரு!"

மற்றவர்களும் வரிசையாக விழுந்தார்கள். டீச்சர் காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ நான் எதுவுமே சொல்லலையா சார்?"