பதினான்காம் எண் டேப்லெட்

ஒரகடத்தில் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடங்களாகக் கணினிகளைக் கவனித்துவருகிறேன். வேலையில் செய்த தவறுகளை நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். எழுதியபின் அவை பெரும்பாலும் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. இந்த ஒன்று இன்னும் செய்கிறது.

இரண்டாவது லைனின் கடைசி மேசையில், வார்த்து வரும் பாகங்களைப் பார்த்து நல்லதைத் தனியாக, கழிவைத் தனியாக வைக்கும் வேலையில் ஒரு பெண் இருக்கிறார். பிள்ளைப்பாக்கத்துக்காரர், முப்பது வயதைத் தாண்டியவர், ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மேசையில் இருந்த டேப்லெட்டின் எண் பதினான்கு. அதில் அவர் மூன்று வருடமாகப் படம் எடுத்துச் சேர்த்துவந்தார். உடைந்ததையும் வளைந்ததையும் யாரும் கண்டுபிடித்துவிடலாம். அவர் எடுத்தது, பார்ப்பவரைத் தயங்கவைக்கும் பாகங்களை மட்டும். ஒவ்வொரு படத்துக்கும் பெயராக ஒரு வரி இருக்கும்: ‘ஓரத்தில் மினுக்கம், கஸ்டமர் எடுத்துக்கொண்டார்.’ ‘இதே மினுக்கம், கைப்பிடி பக்கம், திருப்பி அனுப்பினார்.’

யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. தர மேலாளர் ஒருநாள் தற்செயலாகப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரப்போகும் வாடிக்கையாளர் தணிக்கையில் இதைக் காட்டலாம், மூன்று லைனுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம், உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி எழுத எனக்கு இது போதும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் டேப்லெட் நின்றுபோனது. முகப்புச் சின்னம் வரும், மறையும், மறுபடி வரும். அவரே அதைத் துணியில் துடைத்து என் அறைக்கு எடுத்துவந்தார்.

“படம்லாம் உள்ள கீதுங்களா சார்?”

இருக்கும் என்றேன். சேமிப்பகத்தில் குறையில்லை, டேப்லெட்டை எழுப்பும் பகுதிதான் கெட்டிருக்கிறது, மதியத்துக்குள் எடுத்துவிடலாம் என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

டேப்லெட்டில் சேமிப்பகத்தைத் தனியே கழற்ற முடியாது, பலகையோடு பற்றவைத்திருக்கும். பென் டிரைவுக்கு எங்கள் ஆலைக்குள் அனுமதி இல்லை. டேப்லெட்டுகளில் சேர்த்துவைக்க என்ன இருக்கப்போகிறது என்று நினைத்து, அன்றாட பேக்கப் பட்டியலில் நான் அவற்றைச் சேர்க்கவும் இல்லை. மிச்சமிருந்தது ஒரு வழிதான். டேப்லெட்டை அதன் சொந்த மென்பொருளில் எழுப்பாமல், நெட்வொர்க் கேபிள் வழியாக எங்கள் சர்வரிலிருந்து எழுப்ப வேண்டும். எழுந்ததும் அது தன் சேமிப்பகம் முழுவதையும் படித்து, ஒரே கோப்பாக சர்வருக்கு அனுப்பிவிடும். இமேஜ் எடுப்பது என்போம். இதே வழியைத் திருப்பிப்போட்டால், சர்வரில் இருக்கும் இமேஜ் டேப்லெட்டின் மேல் எழுதப்படும். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை செய்யும் வேலை.

சர்வரில் பதினான்காம் எண்ணுக்கு ஒரு பதிவு போட்டேன். ஒவ்வொரு கருவிக்கும் நெட்வொர்க் முகவரி என்று பன்னிரண்டு எழுத்து உண்டு. அதை வைத்துத்தான் வந்திருப்பது யார் என்று சர்வர் அடையாளம் காணும். டேப்லெட்டின் முதுகிலிருந்த ஒட்டுத்தாளைப் பார்த்து அந்தப் பன்னிரண்டையும் எழுதினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு, இந்த முகவரியிலிருந்து இமேஜ் எடு என்று சர்வருக்குக் கட்டளை கொடுத்துவைத்தேன்.

டேப்லெட்டில் கேபிள் செருக இடம் இல்லை. இடையில் டாங்கிள் என்ற சின்ன இணைப்பான் வேண்டும். புதிதாக வாங்கிய டாங்கிளை டேப்லெட் கண்டுகொள்ளவே இல்லை. அமைப்புகளுக்குள் போய்ப் பாதுகாப்புத் தடையை நீக்கினேன். பிறகும் இல்லை. கேபிளை மாற்றினேன், நெட்வொர்க் சுவிட்சில் வேறு துளையில் செருகினேன். ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதிக்கொண்டேன். பதினொன்றரைக்கு, பழைய டாங்கிள் அலமாரியில் இருப்பது நினைவுக்கு வந்தது. அதைச் செருகியதும் டேப்லெட் எழுந்தது. அப்போது வந்த நிம்மதியில், 11.42 என்று எழுத நோட்டுப் பக்கம் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது திரையில் பச்சைப் பட்டை நகர்ந்துகொண்டிருந்தது. அதன் மேலிருந்த வரியை அப்போதுதான் படித்தேன். ‘படிக்கிறது’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘எழுதுகிறது’ என்று இருந்தது. கேபிளைப் பிடுங்கினேன்.

காரணம் புரியச் சில நிமிடங்கள் ஆயின. ஒட்டுத்தாளில் இருந்தது டேப்லெட்டின் வைஃபை முகவரி. ஆனால் கேபிள் வழியாகப் போகும்போது சர்வரிடம் பேசுவது டாங்கிள். அந்தப் பழைய டாங்கிளைப் போன வாரம் ஏழாம் எண் டேப்லெட்டுக்குப் பயன்படுத்தி, அதன் பெயரிலேயே பதிந்திருந்தேன். ஏழுக்குப் புதிதாக இமேஜ் ஏற்ற ஒரு கட்டளையும் கொடுத்திருந்தேன். அது ஓடுவதற்குமுன், லைனில் அவசரம் என்று டேப்லெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கட்டளை மட்டும் காத்துக்கொண்டிருந்தது. ஏழு வந்துவிட்டது என்று நினைத்து, சர்வர் பதினான்கின் மேல் எழுதத் தொடங்கிவிட்டது. சர்வர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பன்னிரண்டரைக்கு, சாப்பாட்டுக்குப் போகும் வழியில், அந்தப் பெண் வந்து எட்டிப்பார்த்தார். டேப்லெட்டே போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அது ஏற்கெனவே கெட்டிருந்தது எல்லோருக்கும் தெரியும்; யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிச் சொல்லும் எண்ணம் எனக்கு வந்தது என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். உட்காரச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

அவர் டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

“மதியத்துக்குள்ள எடுத்துடலாம்னீங்க.”

ஆமாம் என்றேன்.

“நோட்டுல எழுதிகினே இருந்தீங்களா அப்ப?”

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் டாங்கிளின் முகவரியைப் பதினான்கின் பெயருக்கு மாற்றினேன். காத்திருந்த கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நீக்கினேன். சேமிப்பகத்தை இருந்த நிலையிலேயே, அழிந்ததும் அழியாததுமாக, ஒரு எழுத்து விடாமல் இமேஜ் எடுத்தேன். இந்த முறை நோட்டைத் திறக்கவில்லை. மறுநாள் அந்த இமேஜுக்குள் படங்களைத் தேடும் மென்பொருளை ஓடவிட்டேன். எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்ற அட்டவணைதான் முதலில் அழிந்திருந்தது. படங்கள் கிடைத்தன, இருநூற்று அறுபத்தொன்று. ஒன்றுக்கும் பெயர் இல்லை.

வியாழக்கிழமை மேலாளர் அந்தப் பெண்ணை லைனிலிருந்து விடுவித்து என் அறைக்கு அனுப்பினார். வெகுநேர வேலை என்பதால் இருவருக்கும் டீயை அறைக்கே வரச் சொல்லியிருந்தேன், அவர் தொடவில்லை. நான் ஒவ்வொரு படமாகத் திறக்க, அவர் பெயரைச் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். சிலவற்றுக்கு அவர் யோசிக்கவே இல்லை. சிலவற்றைத் திரையில் விரலால் விரித்துப் பார்த்தார். முப்பத்தெட்டுப் படங்களுக்கு, பெரும்பாலும் கைப்பிடிப் பாகங்கள், அவர் பெயர் சொல்லவில்லை. நாளைக்குத் தணிக்கை, கஸ்டமர் எடுத்துக்கொண்டாரா திருப்பினாரா என்று தோராயமாகவாவது சொல்லுங்கள் என்றேன்.

“தோராயமா சொல்ல நான் எதுக்கு சார்? பார்ட்ட வெளிச்சத்துல சாச்சுப் புடிச்சாத்தான் தெரியும். படத்துல தெரில. அத வுட்டுடுங்க.”

என் வேலையில் துல்லியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் பன்னிரண்டு எழுத்தை இரண்டு முறை சரிபார்ப்பதுதான். தவறான ஒட்டுத்தாளிலிருந்து எடுத்தவை அவை. தெரியாததைத் தெரியாது என்று தள்ளிவைக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதனால் இழப்பு அவருக்குத்தான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை தணிக்கையாளர் தொகுப்பைப் பாராட்டினாராம். ஆனால் கைப்பிடிப் பாகத்துக்குப் பாதிதான் இருக்கிறது, முழுமையாகட்டும், அடுத்த தணிக்கையில் ஏற்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். தவறு என்னுடையது என்று நான் தனியாகக் கொடுத்த கடிதத்தை மேலாளர் கோப்பில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணை நிரந்தரமாக்கும் பேச்சு ஆறு மாதம் தள்ளிப்போனது.

இப்போது பதினான்கும் சரியாகிவிட்டது; டேப்லெட்டுகள் எல்லாம் பேக்கப் பட்டியலில் இருக்கின்றன. இருந்தாலும் சனிக்கிழமை தோறும் ஷிப்ட் முடிந்து, பஸ் ஏறுவதற்குமுன், அவர் தன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வருகிறார். அவர் எதிரில்தான் இமேஜ் எடுக்க வேண்டும். திரையில் வரி வந்ததும் என் கையைப் பொத்தானுக்குப் போகவிடுவதில்லை.

“இன்னா போட்டுக்குது, படிங்க சார். சத்தமா.”

பதினான்காம் எண், படிக்கிறது, சர்வருக்கு அனுப்புகிறது என்று வாய்விட்டுப் படிக்கிறேன். அவரும் ஒருமுறை குனிந்து பார்க்கிறார். பிறகு, “ம், போடுங்க” என்கிறார்.